சிம் போடுகிற டேப்பா, பேட்டரி பெருத்த டேப்பா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் பிளஸ் டூ படிக்கிறாள்ங்க. நீட் வகுப்பு வீடியோ, பிடிஎஃப் நோட்ஸ், இதுதான் முக்கிய வேலை. மிச்ச நேரத்தில் வீட்டில் எல்லோரும் படம் பார்ப்போம். கடையில் ரெட்மி பேட் எஸ்இ, சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் இரண்டையும் எடுத்து வைத்தார்கள். பார்த்தால் இரண்டும் ஒன்றாட்டவே இருக்குது. எதை எடுக்கறதுங்க?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வெளியில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். இரண்டிலும் 11 அங்குலத் திரை, 1920 x 1200 புள்ளிகள், 90 ஹெர்ட்ஸ், நான்கு ஸ்பீக்கர், பழைய ஹெட்போன் மாட்டுகிற துளை, மெமரி கார்டு போட இடம். எடையும் அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசமெல்லாம் உள்ளே இருக்கிறது.

முதலில் சிப். சாம்சங்கில் ஸ்னாப்டிராகன் 695, ரெட்மியில் ஸ்னாப்டிராகன் 680. வீடியோ மட்டும் ஓடினால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் வகுப்பு வீடியோ, மறுபக்கம் ஸ்கேன் செய்த 300 பக்க பிடிஎஃப் என்று வைத்து வேகமாகத் தள்ளிப் பாருங்கள். ரெட்மியில் பக்கம் வெள்ளையாக நின்று, பிறகுதான் எழுத்து வரும். சாம்சங் அந்த இடத்தில் சட்டென்று காட்டிவிடும்.

அடுத்தது சார்ஜ். ரெட்மியின் பேட்டரி 8000 எம்ஏஎச், சாம்சங்கினுடையது 7040. பெரியதுதானே நல்லது என்று தோன்றும். ஆனால் ரெட்மி 10 வாட்டுக்கு மேல் வாங்காது, சாம்சங் 15 வாட் வாங்கும். 8000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 31 வாட்-மணி. 10 வாட்டில் ஊற்றினால் கணக்குப்படியே மூன்று மணி நேரம். வெப்பமாகப் போகிற நட்டம், கடைசி இருபது சதவீதத்தில் தானாகக் குறைகிற வேகம் எல்லாம் சேர்ந்து நான்கு மணி நேரத்துக்குப் பக்கத்தில் போகும். சாம்சங் இரண்டரை மணியில் முடித்துவிடும். வீட்டில் போனுக்கு வாங்கிய 33 வாட், 67 வாட் சார்ஜர் இருக்கிறதே என்று ரெட்மிக்கு மாட்டினாலும் வேகம் கூடாது. எடுத்துக்கொள்கிற அளவைத் தீர்மானிப்பது டேப்தான். காலையில் வகுப்பு, ராத்திரி சார்ஜ் என்ற பழக்கம் இருந்தால் இது ஒரு குறையே இல்லை. "அஞ்சு மணிக்குக் கரண்ட் போகும், நாலரைக்குத்தான் ஞாபகம் வரும்" என்ற வீடாக இருந்தால் சாம்சங் பக்கம் சாயுங்கள்.

கடைக்காரர் அழுத்திச் சொல்லாத விஷயம் ரேம். 4 ஜிபி ரேம் வேண்டவே வேண்டாம், எந்தக் கம்பெனி ஆனாலும். வகுப்பு ஆப்பில் இருந்து வாட்ஸ்அப் போய்த் திரும்பி வந்தால் வீடியோ முதலில் இருந்து தொடங்கும். "கூடுதலாக 4 ஜிபி விர்ச்சுவல் ரேம்" என்று பெட்டியில் போட்டிருப்பது சேமிப்பு இடத்தில் இருந்து கடன் வாங்குவது. மெதுவானது, ரேமுக்கு ஈடாகாது. அதே போல 64 ஜிபி மாடலில் சிஸ்டமே சுமார் 20 ஜிபி எடுத்துக்கொள்ளும். மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். படத்துக்கு அது சரி. பல வகுப்பு ஆப்கள் டவுன்லோட் செய்கிற வீடியோவை உள் சேமிப்பில்தான் வைக்கும், கார்டுக்கு மாற்ற விடாது.

ஆகவே எங்கள் கருத்து: 4 ஜிபி சாம்சங்கை விட 8 ஜிபி ரெட்மி மேல். வீட்டில் வைஃபை இருந்து, பெரும்பாலும் வீடியோதான் என்றால் ரெட்மி 8 ஜிபி போதும். வீடியோவையும் நோட்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற பிள்ளை என்றால் சாம்சங் 8 ஜிபி, 128 ஜிபி.

ஒரு எச்சரிக்கை. இரண்டும் 2023-இல் வந்த மாடல்கள், ரெட்மி இந்தியாவுக்கு வந்தது 2024-இல். அடுத்த தலைமுறை 2025-இலேயே வந்துவிட்டது. ஆகவே இப்போது கடையில் இருப்பது பழைய ஸ்டாக்காக இருக்கலாம். பெட்டியின் ஓரத்தில் தயாரித்த மாதம், வருடம் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் அடைந்து கிடந்த பெட்டி என்றால் விலை குறைத்துக் கேளுங்கள், அல்லது புது மாடலையே பாருங்கள். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்றும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.


கேள்வி: இந்த இரண்டில் எதிலாவது பேனாவில் எழுதி நோட்ஸ் எடுக்க முடியுமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: முடியாது. ரப்பர் முனை வைத்த பேனா கடையில் கிடைக்கும், ஆனால் அது விரல் செய்கிற வேலையைத்தான் செய்யும். அழுத்தம் தெரியாது, உள்ளங்கையைத் திரையில் வைத்தால் கோடு விழும். கணக்குப் போட்டுப் பழக வேண்டும் என்றால் பேனாவோடு வருகிற கேலக்ஸி டேப் எஸ்6 லைட் போன்ற மாடலுக்குப் போக வேண்டும். அந்த அளவு செலவு வேண்டாம் என்றால் நாற்பது பக்க நோட்டுதான் சரி.


கேள்வி: எங்களுக்குக் காங்கயம் பக்கம் கொப்பரைக் களமும் தோட்டமும் இருக்குதுங்க. தோட்டத்துச் சாளையில் வைஃபை கிடையாது. லோடு கணக்கு, விலை பார்ப்பது, பணம் அனுப்புவது, தோட்டத்து அளவு எடுப்பது இதுக்கெல்லாம் டேப் வேணும். வைஃபை மாடல் விலை கம்மியாக இருக்குது, போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கலாமா?
– வாசகர், காங்கயம்

பதில்: நீங்கள் சொன்ன நாலு வேலையில் ஒன்று எந்த வைஃபை மாடலிலும் நடக்காது, இன்னொன்று எல்லா டேப்பிலும் நடக்காது.

பணம் அனுப்புகிற யுபிஐ ஆப் பதிவாகும்போது, அந்தக் கருவியில் இருக்கிற சிம்மில் இருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். சிம்மே இல்லாத டேப்பில் அந்த இடத்தோடு நின்றுவிடும். பணம் போனிலேயே இருக்கட்டும்.

தோட்டத்து அளவுக்கு ஜிபிஎஸ் வேண்டும். ரெட்மி பேட் எஸ்இ-யில் ஜிபிஎஸ் இல்லை. பக்கத்தில் உள்ள வைஃபைகளை வைத்துத்தான் இடத்தை ஊகிக்கும். ஊருக்குள் ஓரளவு சரியாகக் காட்டும், சாளையில் நின்றால் நீங்கள் எங்கேயோ இருப்பதாகச் சொல்லும். டேப் ஏ9 பிளஸில் ஜிபிஎஸ் இருக்கிறது. அதிலும் நாலைந்து மீட்டர் முன்னே பின்னே வரும். சொட்டு நீர் குழாய் எவ்வளவு வாங்குவது, ஏக்கருக்கு எத்தனை குழி என்று தோராயமாகப் போட அது போதும். வரப்புத் தகராறுக்கு உதவாது, அதற்குச் சர்வேயர்தான்.

ஹாட்ஸ்பாட்டில் கணக்கும் விலையும் பார்க்கலாம். போனில் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 5 ஜிகாஹெர்ட்ஸ் இருந்தால் 2.4-க்கு மாற்றிவிடுங்கள். வேகம் குறையும், ஆனால் சாளையில் இருந்து களம் வரைக்கும் எட்டும். போன் பேட்டரி மத்தியானத்துக்குள் இறங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நாள் முழுக்கக் களத்தில்தான் வேலை என்றால் டேப் ஏ9 பிளஸின் 5ஜி மாடலை எடுங்கள். அங்கே 5ஜி சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடினால், செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் போய் 4ஜி வரை மட்டும் என்று வைத்துவிடுங்கள். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீராது. சிம் போட்டால் கால் பேசலாம் என்று நினைத்து வாங்குகிறீர்கள் என்றால், கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இரண்டுமே எல்சிடி திரை. களத்து வெயிலில் விரித்தால் உங்கள் முகம்தான் தெரியும். தண்ணீர், தூசிக்கான பாதுகாப்புத் தரமும் இரண்டுக்கும் கிடையாது. அதிக வெப்பத்தில் பயன்படுத்தச் செய்தவை அல்ல இவை. சித்திரை வெயிலில் கொப்பரைக்குப் பக்கத்தில் வைத்தால் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம், நிழலில் பத்து நிமிடம் வையுங்கள். ஆற வைக்கிறேன் என்று ஈரத்துணி போட வேண்டாம், பிரிட்ஜிலும் வைக்க வேண்டாம்.


கேள்வி: அப்பாருக்கு 76 வயசு. பேப்பர் படிக்க, பேரன்கூட வீடியோ கால் பேச. கையில் பிடிக்க 8.7 அங்குல டேப் ஏ9 தோதா, 11 அங்குலமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: பேப்பர் ஏ4 அளவு பிடிஎஃப்பாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தின் அகலம் 210 மி.மீ. 11 அங்குல டேப்பை நிமிர்த்திப் பிடித்தால் திரை அகலம் 148 மி.மீ. அதாவது 12 புள்ளி எழுத்து (இது அச்சு எழுத்தின் அளவு, திரைப் புள்ளி அல்ல) எட்டரைப் புள்ளி அளவில் தெரியும். 8.7 அங்குலத்தில் அகலம் 113 மி.மீ.தான். அதே எழுத்து ஆறரைப் புள்ளி ஆகிவிடும், பஸ் டிக்கெட் எழுத்து மாதிரி. பெரிதாக்கலாம், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். பெரியவர்கள் இரண்டு நாளில் சலித்து மூடி வைத்துவிடுவார்கள்.

11 அங்குலம் எடுத்து, கூடவே ஒரு உலோக ஸ்டாண்டும் வாங்குங்கள். அரை கிலோவை யாரும் கையில் பிடித்துப் படிக்கப் போவதில்லை. செட்டிங்ஸில் டிஸ்பிளே போய் எழுத்து அளவு, ஸ்கிரீன் ஜூம் இரண்டையும் கூட்டுங்கள். எழுத்தை மட்டும் கூட்டினால் பட்டன்கள் சிறிதாகவே நிற்கும். டேப்பில் வாட்ஸ்அப் காட்டுகிற க்யூஆரை, அவர் போன் வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் போய் ஸ்கேன் செய்தால் டேப்பிலும் திறந்து கொடுக்கலாம்.


கேள்வி: தறி குடோனில் கணக்குக்கு வைத்த டேப் ஆறு மாசமா மெதுவாகச் சார்ஜ் ஆகுது. வயர் மாற்றியும் அப்படியே. போன வாரம் நியூட்ரல் போய் சார்ஜரும் புகைந்துவிட்டது. இப்போ என்ன செய்யறதுங்க?
– வாசகர், பல்லடம்

பதில்: வயரை மாட்டும்போது கடைசியில் 'டக்' என்று உட்காருகிறதா பாருங்கள். உட்காராமல் ஒரு மயிரிழை வெளியே நின்றால் துளைக்குள் பஞ்சு அடைந்திருக்கிறது. ஒவ்வொரு முறை வயர் குத்தும்போதும் பஞ்சு அடியில் போய் அமுங்கி, கெட்டியான திண்டாக ஆகிவிடும். வெளியில் இருந்து பார்த்தால் துளை சுத்தமாகத்தான் தெரியும்.

டேப்பை முழுவதும் அணைத்துவிட்டு, மரத்தாலான பல் குத்தும் குச்சியின் முனையைச் சீவி, துளையின் சுவர் ஓரமாக விட்டு வெளியே இழுங்கள். டைப் சி துளையின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கும், அதன் மேல் அழுத்தம் போகக் கூடாது. ஊசி, பின் வேண்டாம். வாயால் ஊதினால் ஈரம் போகும். தறியில் பஞ்சு ஊதுகிற கம்ப்ரசரையும் அதில் காட்ட வேண்டாம், அந்த அழுத்தம் பஞ்சை இன்னும் உள்ளே தள்ளும். பிறகு துளைக்கு ஒரு ரப்பர் மூடி போட்டு வையுங்கள், பத்து இருபது ரூபாய்தான்.

நியூட்ரல் துண்டானால் ஒற்றை பேஸ் லைனில் 230-க்குப் பதில் 400 வோல்ட் வரைக்கும் வந்துவிடும். சார்ஜர் தாங்குவது 240-ஐ ஒட்டித்தான். எம்சிபி (போர்டில் ஃபியூஸுக்குப் பதில் இருக்கிற சுவிட்ச்) இதில் விழாது, அது கரண்ட் கூடினால்தான் விழும். டேப்பும் டிவியும் இருக்கிற லைனுக்கு ஓவர் வோல்டேஜில் துண்டிக்கிற ரிலே ஒன்றை எலக்ட்ரீசியனிடம் சொல்லிப் போடுங்கள். லைட் திடீரென்று அதிகப் பிரகாசமாக எரிந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். புகைந்த சார்ஜரோடு இருந்த வயரையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். டேப்பை மேசைக் கண்ணாடி மேல் மல்லாக்க வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். ஆடினாலோ, திரையின் ஓரம் பிரிந்து தெரிந்தாலோ பேட்டரி ஊதியிருக்கிறது. மறுபடி சார்ஜ் போடாமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். நாள் முழுக்க வயரிலேயே கிடக்கிற டேப் என்றால், சாம்சங்கில் பேட்டரி செட்டிங்ஸில் 'பேட்டரி புரொடெக்ஷன்' என்பதை இயக்கிவிட்டால் முழுதாக ஏறாமல் 80, 85 சதவீதத்தில் நிற்கும்.


கேள்வி: காந்திபுரத்தில் பழைய டேப் பாதி விலைக்குக் கிடைக்குதே, வாங்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: வாங்கலாம், கடையிலேயே ஒரு அரை மணி நேரம் உட்கார முடியும் என்றால். கோச்சிங் கம்பெனிகள் மாணவர்களுக்குக் கொடுத்த டேப்கள் பழைய சந்தைக்கு வருவதுண்டு. ஆன் செய்தால் நன்றாகத்தான் ஓடும். ஃபேக்டரி ரீசெட் போட்டு வைஃபையில் இணைத்ததும் "இந்தக் கருவி உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது" என்று ஆங்கிலத்தில் வந்து, பழைய கம்பெனியின் லாகின் கேட்கும். ஆகவே உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கண் முன் ரீசெட் போடச் சொல்லுங்கள். முந்தைய ஆளின் கூகுள் கணக்கைக் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சிம் மாடல் என்றால் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை (கருவிக்கு உரிய தனி அடையாள எண்) எடுத்து, கேஒய்எம் என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பதில் வரும். வைஃபை மாடலுக்கு ஐஎம்இஐ கிடையாது, பில் கேட்டு வாங்குவதுதான் வழி.

பேர் தெரியாத கம்பெனியின் "12 ஜிபி ரேம், 512 ஜிபி" டேப் எட்டாயிரத்துக்குக் காட்டினால், புதியதோ பழையதோ, சிபியு-இசட் ஆப்பைப் போட்டு உண்மையான ரேமைப் பாருங்கள். டிஆர்எம் இன்ஃபோ என்ற ஆப்பில் வைட்வைன் (படத்தை நகல் எடுக்காமல் காக்கிற பூட்டு) என்ற வரியில் எல்3 என்று இருந்தால் நெட்ஃபிளிக்ஸ் படம் மங்கலாகத்தான் ஓடும், திரை எத்தனை புள்ளியானாலும். ரெட்மி பேட் எஸ்இ, டேப் ஏ9 பிளஸ் இரண்டிலும் எல்1 இருக்கிறது.