ரோட்டோர வயலில் ஷோரூம் கட்டலாமா?

வாசகர் கேள்வி – பதில்

பாலக்காட்டில் ஒரு கார் ஷோரூமில் 23 வருடம் பதிவுப் பிரிவில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. எங்கள் பக்கத்தில் வீடு கேரளத்தில் இருக்கும், தோப்பு தமிழ்நாட்டில் இருக்கும், பெண் கொடுத்த இடம் பொள்ளாச்சியாக இருக்கும். அதனால் வண்டிக் காகிதங்களில் வரும் சிக்கலும் இரண்டு மடங்கு. இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை எல்லைக் கிராமங்களிலிருந்து வந்தவை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, என் தங்கையின் கல்யாணம் ஆவணி முதல் முகூர்த்தத்தில். அன்று காலை வாசலில் புது வண்டி நிற்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது. நம்பர் வராமல் தர முடியாது என்கிறார்கள். முன்பெல்லாம் 'ஃபார் ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஒட்டிக் கொடுத்தார்களே? (மீனாட்சிபுரம்)

ஷோரூம்காரர்மேல் கோபப்படாதீர்கள் தம்பி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தத்தின்படி, டீலர் இருக்கும் மாநிலத்திலேயே பதிவாகும் புது வண்டிக்கு விண்ணப்பம் போட வேண்டியவர் டீலர்தான். நம்பர் பலகை மாட்டாமல் வண்டியை ஒப்படைக்கவும் கூடாது. பதிவுக்கு விண்ணப்பிக்காமல் விட்டால் ஆண்டு வரியைப்போல் 15 மடங்கு அல்லது ஆயுள் வரி, இதில் எது கூடுதலோ அது டீலர் தலையில் விழும். உயர் பாதுகாப்பு நம்பர் பலகையும் 2019 ஏப்ரல் 1 முதல் வண்டியோடு கம்பெனியே கொடுக்க வேண்டியது. அதற்கென்று உங்களிடம் தனியாகக் காசு கேட்கக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வண்டியை அப்படி அனுப்பினோம். கேட் பாஸில் கையெழுத்துப் போட்டது நான். கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ஒட்டிய தாள், பானெட்டில் சந்தனம், சக்கரத்துக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். மூன்றாம் நாள் கோவிந்தாபுரம் ரோட்டில் ஒரு புளியமரத்தில் மோதி முன்பக்கம் முழுக்க உள்ளே போய்விட்டது. ஓட்டிய பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது கடவுள் புண்ணியம். இன்ஷூரன்ஸ் ஆபீசில் கேட்ட முதல் கேள்வியே பதிவு நம்பர் என்ன என்பதுதான். ஒரு ரூபாய் தரவில்லை. அந்த வீட்டு அம்மா நகையை அடகு வைத்து வண்டியைச் சரிசெய்தார்கள். அதன் பிறகு யார் சிபாரிசோடு வந்தாலும் நம்பர் இல்லாத வண்டிக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லியிருக்கிறது. பஞ்சாபில் வாங்கிய வண்டி, உரிமையாளர் ராஜஸ்தான்காரர். தற்காலிகப் பதிவு முடிந்த பிறகும் நிரந்தரப் பதிவு செய்யாமல் ஓட்டினார். ஜோத்பூரில் தங்கும் விடுதிக்கு வெளியே நிறுத்தியிருந்தபோது வண்டி திருடு போனது. இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று 2021இல் தீர்ப்பு. பொள்ளாச்சியில் வாங்கி டெம்பரரி நம்பரோடு நம் பக்கம் ஓட்டி வருகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். டெம்பரரி முடியும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆதார், பான், முகவரிச் சான்று எல்லாவற்றையும் இன்றே கொடுத்துவிடுங்கள். ஃபேன்சி நம்பர் கேட்காதீர்கள், ஏலம் முடியும்வரை காத்திருக்க வேண்டி வரும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் நம்பரோடு வண்டி வந்துவிட்டால் அப்பாவின் ஆசையும் நிறைவேறும், தங்கையும் நிம்மதியாக ஏறிப் போவாள்.

24 லட்ச ரூபாய் வண்டி வாங்குகிறேன். தமிழ்நாட்டில் வரி குறைவு, பொள்ளாச்சி மாமா வீட்டு முகவரியில் டி.என். 41 போட்டுவிடலாம் என்கிறார் மச்சான். செய்யலாமா? (வேலந்தாவளம்)

வேண்டாம். வித்தியாசம் என்ன என்று முதலில் பாருங்கள். 20 லட்சத்துக்கு மேல் கேரளத்தில் 22 சதவீதம், தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 சதவீதம். 10 முதல் 15 லட்சம்வரை உள்ள வண்டிக்குக் கணக்கே திரும்பிவிடுகிறது: இங்கே 15, அங்கே 18. 5 முதல் 10 லட்சம்வரை இரண்டு பக்கமும் 13தான். வரி குறைவு என்று மொத்தமாகச் சொல்வது தவறு.

வண்டி வழக்கமாக எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அங்கே பதிய வேண்டும் என்பது சட்டம். நீங்கள் வேலந்தாவளத்தில் தூங்குகிறீர்கள், வண்டியும் அங்கேதான் தூங்கப் போகிறது. வெளிமாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநில நம்பர் வாங்கியாக வேண்டும். அப்போது தடையின்மைச் சான்றுக்கு அங்கே ஒரு அலைச்சல், இங்கே மீண்டும் வரி, அங்கே கட்டியதைத் திரும்பக் கேட்டு இன்னொரு மனு. பெரிய பெரிய கார்களைப் புதுச்சேரியில் இல்லாத முகவரியில் பதிந்ததற்காகக் கேரள போலீஸ் 2017இல் வழக்குப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். மாமா வீட்டு முகவரி உண்மையான முகவரிதான், ஆனால் உங்களுடைய முகவரி இல்லையே.

தேங்காய் வியாபாரம். கையில் ரொக்கம் இருக்கிறது. 4 லட்சத்தை இரண்டு நாளாகப் பிரித்துக் கட்டலாமா? (நடுப்புணி)

முடியாது ஐயா. ஒரே வண்டிக்கான பணம் என்றால் எத்தனை நாளாகப் பிரித்தாலும் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 2017 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கிய டீலருக்கு. வங்கியில் போட்டு அனுப்பிவிடுங்கள். வண்டி 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். அது உங்கள் பான் கணக்கில் ஏறும், வருமான வரிக் கணக்கு காட்டும்போது கழித்துக்கொள்ளலாம். நிறையப் பேர் அதை ஷோரூம் கட்டணம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஆன் ரோடு விலையில் 'ஹேண்ட்லிங்' என்று ஒரு தொகை. இன்ஷூரன்சும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்கிறார்கள். கட்டாயமா? (கோபாலபுரம்)

இரண்டும் கட்டாயம் இல்லை சகோதரி. ஹேண்ட்லிங் எந்த அரசுக் கணக்குக்கும் போகாத பணம். இது எந்த விதியின்கீழ் என்று எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் வராது, தொகை காணாமல் போய்விடும். இன்ஷூரன்சில், புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். யாரிடம் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். வெளியில் ஒரு விலை வாங்கிக்கொண்டு போய் டீலரிடம் பேசுங்கள்.

அக்கா, எனக்கு வயசு 28. வேலந்தாவளம் ரோட்டில் அப்பாவுக்கு 60 சென்ட் வயல் இருக்கிறது. ஒரு கார் கம்பெனியின் மெயின் டீலர் என்னைச் சப் டீலராகச் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். டெபாசிட் 25 லட்சம். தென்னந்தோப்பை வங்கியில் அடகு வைக்கலாம் என்று இருக்கிறேன். ஒப்பந்தத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறார்கள். என்ன சொல்கிறீர்கள்? (கொழிஞ்சாம்பாறை)

தம்பி, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நம் ஊர்ப் பையன் ஒருவன் ஷோரூம் வைக்கிறான் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் எழுதாமல் விட்ட மூன்று விஷயங்கள் எனக்குப் பயமாக இருக்கின்றன.

முதலாவது அந்த 60 சென்ட். வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டில் அது 'நிலம்' (அதாவது வயல்) என்று இருக்கிறதா, 'புரயிடம்' (அதாவது மனை, தோட்டம்) என்று இருக்கிறதா? கரம் ரசீதை, அதாவது நிலவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 'நிலம்' என்றால் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். அதிலும் அந்தச் சட்டப்படி வைத்திருக்கும் வயல் பட்டியலான டேட்டா பேங்கில் ஏறியிருந்தால் ஒரு லோடு மண்கூட அடிக்க முடியாது. தவறாக ஏறியிருந்தால் நீக்கச் சொல்லிப் படிவம் 5 போடலாம். டேட்டா பேங்கில் இல்லாத வயலுக்கு 2018 திருத்தத்தின்படி கட்டணம் கட்டி அனுமதி கேட்கலாம். இந்த விண்ணப்பங்கள் போகும் இடம் வருவாய்க் கோட்ட அதிகாரி அல்லது துணை ஆட்சியர், வண்டி ஆபீஸ் இல்லை. வருவாய்க் கோட்ட ஆபீசையும் வண்டி ஆபீசையும் நம் ஆட்கள் ஆர்.டி.ஓ. என்றே சொல்வதால் தவறான ஆபீசில் போய் ஒரு நாள் முழுக்க நின்றவர்களை எனக்குத் தெரியும். இது தீராமல் பஞ்சாயத்தில் கட்டட அனுமதி கிடைக்காது. அனுமதி இல்லாத கட்டடத்தைக் காட்டிக் கம்பெனியிடம் ஒன்றும் வாங்க முடியாது. சர்வீஸும் செய்வதாக இருந்தால் வண்டி கழுவும் தண்ணீருக்கும் பழைய ஆயிலுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி தனி. சுற்றிலும் கிணற்றுப் பாசனம் நடக்கும் இடம், அந்த விதி வேண்டும் என்பதுதான் என் எண்ணமும்.

இரண்டாவது, டிரேடு சர்டிபிகேட் யார் பெயரில்? பதிவாகாத வண்டியைச் சோதனை ஓட்டத்துக்கோ ஷோரூமுக்குக் கொண்டுவரவோ ரோட்டில் இறக்க அது வேண்டும். முன்பு வருடா வருடம் புதுப்பித்தோம், 2022 நவம்பரிலிருந்து ஐந்து வருடம் செல்லும். கம்பெனியின் அங்கீகாரம் இருந்தால்தான் கிடைக்கும். சப் டீலர் என்று வாய்வார்த்தையில் வைத்துக்கொண்டு, மெயின் டீலர் சர்டிபிகேட்டில் உங்கள் முற்றத்தில் வண்டி நிறுத்தி விற்றால், சோதனைக்கு ஆள் வரும் நாளில் வண்டியோடு நிற்கப் போவது நீங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் 40 பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 'டெர்மினேஷன்' என்ற பகுதியைத் தேடுங்கள். எத்தனை நாள் நோட்டீசில் உங்களை நீக்கலாம்? நீக்கினால் விற்காத வண்டியை, உதிரி பாகத்தை, கம்பெனி சொல்லி வாங்கிய கருவிகளை யார் திரும்ப எடுப்பது? தகராறு என்றால் பாலக்காட்டிலா, டெல்லியிலா? இந்தியாவில் கார் டீலரைக் காப்பதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. அமெரிக்காவில் 1956லேயே ஒன்று கொண்டுவந்தார்கள். நம் நாடாளுமன்ற நிலைக்குழு 2020 டிசம்பரில் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்னும் சட்டம் வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த நாளில் டீலர்கள் கையில் இருந்தது அவரவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் மட்டுமே.

அப்படி மூடிய ஒரு ஷோரூமுக்கு நான் போயிருந்தேன். வெளியில் மாட்டியிருந்த பெரிய எழுத்துகளைக் கழற்றித் தார்ப்பாயில் அடுக்கியிருந்தார்கள். உள்ளே அலமாரி நிறைய, அந்தக் கம்பெனி எஞ்சினுக்கு மட்டுமே பொருந்தும் கருவிகள், சிலது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். பழைய இரும்புக் கடைக்காரர் அவற்றைத் தராசில் வைத்துக் கிலோ கணக்கில் விலை சொன்னார். முதலாளி ஒன்றும் பேசாமல் தலையாட்டினார். அவர் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது.

கம்பெனி போகாவிட்டாலும் கொள்கை மாறும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 4 என்ற பழைய புகை விதிப்படி செய்த வண்டி விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. கடைசி வாரத்தில் ஊரடங்கு வந்தது. விற்காமல் நின்ற வண்டிகளின் பட்டியலை நான்தான் டைப் செய்தேன், கை நடுங்கியது. அடுத்து 2025ஐச் சொல்கிறேன்: ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறையும் என்று அறிவிப்பு. செப்டம்பர் 5 திருவோணம். புதிய வரி செப்டம்பர் 22இல்தான் அமலானது. சின்னக் காருக்கு 28இலிருந்து 18 ஆகப் போகிறது என்று தெரிந்த பிறகு எவர் ஓணத்துக்கு வண்டி எடுப்பார்? கேரளத்து டீலர் வருடம் முழுக்கக் காத்திருப்பது அந்த ஓண வாரத்துக்குத்தான். வண்டிகள் யார்டில் நின்றன, வட்டி ஓடியது. அதற்கு மேல், ஜி.எஸ்.டி.க்கு மேல் பழைய செஸ் வரியாகக் கட்டியிருந்த பணத்தை மற்ற வரியில் கழிக்க வழியில்லாமல் கணக்கிலேயே தேங்கிப்போனது. பெரிய முதலாளிகள் தாங்கினார்கள். தென்னந்தோப்பை வைத்துக் கடன் வாங்கிய ஒருவரால் அந்த ஒரு மாதத்தைத் தாங்க முடியுமா என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி. வயலில் கைவைக்காமல், ரோட்டோரம் ஏற்கெனவே வணிக அனுமதியுள்ள கட்டடத்தை வாடகைக்குப் பாருங்கள். டெபாசிட்டைத் திருப்பித் தரும் தேதியையும் நிபந்தனையையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். விற்காத வண்டியை மெயின் டீலர் திரும்ப எடுப்பார் என்ற வரி கட்டாயம் வேண்டும். பிறகு ஒரு வக்கீலை உட்கார வைத்து, அப்பா பக்கத்தில் இருக்கும்போது, 40 பக்கத்தையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பத்திரம் அப்பாவுடையது, அவருக்குப் புரிய வேண்டும்.

ஒப்பந்தத்தின் நகலையும் கரம் ரசீதையும் இதழ் முகவரிக்கு அனுப்பினால் நானும் படித்துப் பார்க்கிறேன். கையெழுத்துப் போட எந்தத் தேதி சொல்லியிருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் எழுதுங்கள்.