ஓவியத்தின் மேல் கவிதை ஒட்டவைத்ததுபோல் தெரிந்தால்

வணக்கம். அக்ரிலிக் ஓவியத்தில் உங்கள் கவிதையை எழுதினால், எல்லோரும் வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், வண்ணத்தை யாருமே பார்ப்பதில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். எனக்கும் நெடுநாள் அதே வருத்தம் இருந்தது.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையைப் பொறுமையாகப் பாருங்கள். மலையாள எழுத்துப்போலத் தோன்றும், ஜாதகக் கட்டம்போலத் தோன்றும். வாசிக்கப் போனால் பிடிகொடுக்காது. அதனால்தான் கண் அங்கேயே சுற்றுகிறது.

நீங்கள் ஓவியத்தை முடித்த பிறகு எழுதுகிறீர்கள். சிக்கலே அதுதான். முதலில் எழுதுங்கள், அதுவும் அக்ரிலிக்கிலேயே; நீரில் கலந்து பூசும் வண்ணம்தான் என்றாலும் காய்ந்துவிட்டால் கரையாது. நன்றாகக் காய்ந்தபின் நீர்த்த வண்ணத்தை மேலே பூசி, ஈரம் போவதற்குள் துணியால் அங்கங்கே துடைத்தெடுங்கள். ஒரு 'ழ'வின் வால் மட்டும் மேலே வரும், பக்கத்துச் சொல் பாதி மூழ்கிக் கிடக்கும். அந்த மீதிச் சொல்லைத் தேடுகிறவர் வண்ணத்துக்குள் இறங்கித்தான் ஆகவேண்டும்.

பேனா வேண்டாம், கான்வாஸ் இழையில் முள் சிக்கும். நீண்ட மயிருள்ள மெல்லிய தூரிகை போதும். முழுக் கவிதையும் வேண்டாம், இரண்டே வரி. எந்த இரண்டு என்று முடிவுசெய்ததும் சொல்லுங்கள், ஆவலாக இருக்கிறேன்.