கள்ளிக்குள் போன பந்தைத் தேடலாமா?

கேள்வி: துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு தண்டையார்பேட்டையில். ஓய்வுக்கு அப்புறம் நந்தனம் போய் கோல்ஃப் பழகினேன். டிரைவர் கிளப்பில் (நெடுந்தூர அடிக்கான மட்டை) அடித்தால் 180, நன்றாகப் பட்டால் 200 கஜம் போகும். மகன் அமெரிக்காவில், அரிசோனா மாநிலம் சாண்ட்லரில் இருக்கிறான். ஏப்ரலில் நான் போகும்போது ஸ்காட்ஸ்டேல் பக்கம் ஒரு பாலைவன மைதானத்தில் 18 ஹோல் ஆட ஏற்பாடு செய்கிறானாம். கள்ளி, பாம்பு என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். வெயில் எனக்குப் புதிதில்லை. வேறு என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

பதில்: வெயில் புதிதில்லை என்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடுவோம். சாண்ட்லரும் ஸ்காட்ஸ்டேலும் இருக்கிற ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் ஏப்ரல் மாதப் பகல் வெப்பம் சராசரியாக 30 டிகிரி செல்சியஸ்தான். நம் ஊர் ஏப்ரலைவிடக் குறைவு. வித்தியாசம் காற்றில் இருக்கிறது. காசிமேட்டில் மதியம் பத்து நிமிஷம் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பிலிருந்து தண்ணீர் போகிறது என்று கண்ணுக்கே தெரியும். அங்கே பிற்பகல் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்குக் கீழே. வியர்வை வந்த சுவடே இல்லாமல் காய்ந்துவிடும். ‘வியர்க்கவே இல்லையே’ என்று ஆடிக்கொண்டே போவீர்கள், பாதி ஆட்டம் தாண்டியதும் தலை வலிக்க ஆரம்பிக்கும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் ஒவ்வொரு டீயிலும் (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) நாலு மடக்கு தண்ணீர் குடியுங்கள். ரத்தக் கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். மைதானத்துக்குள் வண்டியில் பீர் விற்றுக்கொண்டு வருவார்கள். அதை ஆட்டம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

இனி மைதானம். நந்தனத்தில் ஃபேர்வேயை (ஒட்ட வெட்டிய புல் பாதை) விட்டு விலகினால் மரத்தடிக்குப் போவீர்கள், அங்கிருந்தும் அடிக்கலாம். ஸ்காட்ஸ்டேல் மைதானங்கள் பலவற்றில் டீ ஒரு பச்சைத் திட்டு, ஃபேர்வே ஒரு பச்சைத் திட்டு, நடுவில் கல்லும் முள்ளுமாக அசல் சோனோரா பாலைவனம். அழகுக்காக மட்டும் இப்படி விட்டுவைக்கவில்லை. 1980இல் அரிசோனா நிலத்தடி நீருக்கு ஒரு கடுமையான சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் வந்த விதிகளால் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் புதிதாகக் கட்டும் 18 ஹோல் மைதானத்துக்குச் சுமார் 90 ஏக்கர் புல்தரைக்குத்தான் தண்ணீர் கணக்கு. எனவே பந்து இறங்கும் இடத்தில் மட்டும் புல் வைத்தார்கள்.

இதில் உங்களுக்கான பாடம், எந்த டீயிலிருந்து ஆடுகிறீர்கள் என்பது. மகனும் நண்பர்களும் பின் டீயில் நின்றால் நீங்களும் கௌரவத்துக்காக அங்கே நிற்காதீர்கள். பாலைவனத்தைத் தாண்டி ஃபேர்வேயைத் தொடவே 150, 160 கஜம் பந்து காற்றில் பறக்க வேண்டிய ஹோல்கள் வரும். உங்கள் அடிக்கு மொத்த நீளம் 5,200 கஜத்தை ஒட்டிய முன் டீதான் சரி. ஸ்கோர் கார்டில் ஒவ்வொரு நிற டீக்கும் மொத்த நீளம் போட்டிருக்கும். ஃபேர்வே குறுகுகிற இடத்தில் டிரைவரை உறையிலேயே விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த தூரம் போகும் ஹைபிரிட் கிளப்பை எடுங்கள். கேரத்தில் ஒரு காயை அடிக்கும்போதே அடுத்த காய் எங்கே நிற்கும் என்று பார்த்து அடிப்பவர்கள்தானே நாம், அதே கணக்குதான். வடக்கு ஸ்காட்ஸ்டேல் கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல் இருப்பதால் பந்து நாலைந்து கஜம் கூடவே போகும். அதை நம்பி எந்தப் பள்ளத்தையும் தாண்டப் பார்க்க வேண்டாம்.

சரி, பந்து பாலைக்குள் போய்விட்டது. முதல் வேலை ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தைப் பார்ப்பது. பல மைதானங்களில் பாலைவனம் முழுவதையும் சிவப்புக் கோட்டுப் பெனால்டி ஏரியாவாக வைத்திருப்பார்கள். அப்படியானால், பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், ஹோலுக்கு அருகே போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விட்டு அடிக்கலாம். ஸ்கோரில் ஒரு ஸ்ட்ரோக் (ஒரு அடி) கூடும், போகட்டும். பத்தில் எட்டு முறை இதுதான் மலிவு. அப்படி அறிவிக்கவில்லை என்றால் தேட 3 நிமிஷம்தான். 2019 விதி மாற்றத்துக்கு முன் 5 நிமிஷம் இருந்தது. கிடைக்காவிட்டால் ஒரு ஸ்ட்ரோக் சேர்த்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

தேடும்போது பந்து தெரிந்தால் மட்டும் போங்கள். புதருக்குள்ளும் பாறை இடுக்கிலும் கை விடாதீர்கள், கிளப்பால் விலக்கிப் பாருங்கள். ஏப்ரலில் வெயில் ஏற ஏற கிலுகிலுப்பைப் பாம்பு வெளியே வரும் காலம். பந்துக்குப் பக்கத்தில் பாம்பு கிடந்தால் பெனால்டி இல்லாமல் ஆபத்தில்லாத இடத்தில் விட்டு ஆட விதி இடம் தருகிறது. கள்ளி முள்ளுக்கு அந்தச் சலுகை இல்லை என்று அதே விதியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். முள் குத்தாமலிருக்க துண்டை உங்கள் மேல் சுற்றிக்கொள்ளலாம். அதையே கள்ளியின் மேல் விரித்தால் பெனால்டி. கல்லைப் பொறுத்தவரை விதி தாராளம். தரையில் புதையாத கல் எவ்வளவு பெரிதானாலும் நகர்த்தலாம். 1999இல் ஸ்காட்ஸ்டேலில் நடந்த ஃபீனிக்ஸ் ஓப்பனில் டைகர் உட்ஸின் பந்துக்கு முன்னால் கிடந்த பாறையை ரசிகர்கள் கூட்டமாகச் சேர்ந்து உருட்டிவிட்டார்கள். நடுவர் சரியென்று சொல்லிவிட்டார்.

சப்பாத்திக்கள்ளி அங்கேயும் உண்டு, உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது சோயா (cholla) என்கிற கள்ளி. லேசாக உரசினாலே அதன் கணு ஒன்று பிய்ந்து காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் விரலிலும் ஏறும். அகலப் பல் சீப்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கணுவுக்கும் தோலுக்கும் நடுவே சீப்பை நுழைத்து, ஆள் இல்லாத பக்கமாக ஒரே வெட்டில் தெறிக்கவிட வேண்டும். மிச்ச முள்ளை இடுக்கியால் எடுத்துவிடலாம்.

இறுகிய மண்ணில் பந்து தெளிவாகக் கிடந்தால் அடிக்கலாம். மணல் குழிக்கான சாண்ட் வெட்ஜ் கிளப் வேண்டாம். அதன் தடித்த அடிப்பாகம் கெட்டித் தரையில் பட்டு எகிறி, பந்தின் நெற்றியில் மோதும். 8 அயர்ன் (இரும்புத் தலை கிளப்) எடுத்து, பந்தைப் பின்காலுக்கு நேராக வைத்து, அரை வீச்சில் ஃபேர்வேக்குத் திரும்பினால் போதும். போகும் முன் இதைப் பழகிக்கொள்ள நம் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. வியாசர்பாடியில் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிற புல் இல்லாத தரை கிட்டத்தட்ட அதே கெட்டி. ஆள் வருவதற்கு முன் விடிகாலையில் போய், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பயிற்சிப் பந்தில் மட்டும் அடியுங்கள்.

புல்லுக்குப் பயப்பட வேண்டாம். நம் அருகம்புல்லின் கலப்பு வகைகள்தான் அங்கேயும். குளிர்காலத்துக்காக அதன் மேலே விதைத்த ரை புல் ஏப்ரலிலும் இருக்கும்.

கிளப் செட்டை விமானத்தில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். கல்லில் கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிற பழைய அயர்ன் ஒன்று மகனிடம் இருந்தால், வாடகை செட்டில் ஒன்றைக் குறைத்து அதைச் சேருங்கள். பையில் 14க்கு மேல் கூடாது. காலர் வைத்த சட்டை கட்டாயம், ஜீன்ஸ் வேண்டாம், முள்ளுக்காகவே முழுக்கால் சட்டை. ஹோலுக்கு ஹோல் தூரம் அதிகம், வண்டியில்தான் போவீர்கள். வண்டியைப் பாலை மண்ணில் இறக்கக் கூடாது. நேரம் கேட்கும்போது காலை 7 மணியை ஒட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிற்பகலுக்குப் போனால் கட்டணம் குறையும், ஆனால் 18 ஹோலுக்கு நாலரை மணி நேரம் பிடிக்கும், முடிப்பதற்குள் இருட்டிவிடலாம்.