கரும்பில் களைக்கொல்லி: கேள்வி-பதில்

கேள்வி: கரும்பில் களை நிறைய இருக்கிறது, நல்ல மருந்து சொல்லுங்கள்.
பதில்: கரும்புக்கு எத்தனை நாள், புது நடவா, வெட்டிய தூரில் துளிர்த்த கட்டைக்கரும்பா, கோரையா கொடியா, பக்கத்துக் காட்டில் என்ன பயிர்? எதையும் எழுதாமல் மருந்துப் பேர் மட்டும் கேட்டால் எப்படி? எழுதி அனுப்புங்கள், சொல்கிறேன்.

கேள்வி: நட்ட மூன்றாம் நாள் அட்ரசின் களைக்கொல்லி அடித்தேன், டேங்குக்கு இரண்டு மூடி. இருபதே நாளில் களை வந்துவிட்டது. மருந்து போலியா?
பதில்: தூள் மருந்துக்கு ஏது மூடி? எந்த டப்பாவின் மூடி அது? வாரத்துக்கு நாலு கடிதம் இப்படித்தான் வருகிறது, மருந்தைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். அளவு ஏக்கருக்குத்தான், டேங்குக்கு இல்லை. 50 சத அட்ரசின் என்றால் ஏக்கருக்கு 800 கிராம், தண்ணீர் 200 லிட்டர். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி, உங்கள் ஆள் வழக்கமாக நடக்கும் வேகத்திலேயே 10 சென்ட் அடிக்கச் சொல்லுங்கள். 16 லிட்டர் டேங்க் ஒன்றேகால் பிடித்தால் ஏக்கருக்குப் பன்னிரண்டரை டேங்க், டேங்குக்கு 65 கிராம் போதும். அதே ஆள் விறுவிறுவென்று நடந்து ஒரு டேங்கில் 20 சென்ட்டை முடித்துவிட்டால், அதே 65 கிராமில் ஏக்கருக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 325 கிராம். அப்புறம் களை வராமல் என்ன செய்யும்? தூளை வாளியில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், அடியில் தங்கும், நடுநடுவே டேங்கைக் குலுக்க வேண்டும். விசிறி நாசில் போடுங்கள், பூச்சி மருந்து அடிக்கிற கூம்பு நாசில் வேண்டாம். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். அடித்த இடத்தை மிதிக்காமல் பின்னோக்கி நடக்க வேண்டும். இதில் எதை விட்டீர்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் கடைக்காரரிடம் சண்டைக்குப் போங்கள்.

கேள்வி: கோரை வெட்ட வெட்ட வருகிறதே?
பதில்: வெட்டினால் கிழங்கு சாகாது, அட்ரசினும் அதை ஒன்றும் செய்யாது. ஹாலோசல்ப்யூரான் 75 சதம், ஏக்கருக்கு 36 கிராம், கோரை மூணு நாலு இலையில் இருக்கும்போது மண் ஈரத்தில் அடியுங்கள். காய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் மறுபடி அடிக்காதீர்கள்.

கேள்வி: ஊடுபயிராக உளுந்து போட்டிருக்கிறேன், அட்ரசின் அடிக்கலாமா?
பதில்: கூடாது, உளுந்து போய்விடும். வேளாண் பல்கலைக்கழகம் இதற்கு தயோபென்கார்ப் சொல்கிறது, அதுவும் களை முளைக்கும் முன்தான். முளைத்துவிட்டதா, கைக்களைதான்.

கேள்வி: கரும்பு வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லிக் களைக்கு 2,4-டி களைக்கொல்லி அடிக்கலாமா? பக்கத்துக் காட்டில் பருத்தி.
பதில்: பருத்தி இருந்தால் வேண்டாம். லேசாகக் காற்றில் போனாலே அதன் இலை வெண்டை இலை மாதிரி விரல் விரலாகப் பிரிந்துவிடும். 20 சத யூரியா, அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ, சுடுமல்லி பூக்கும் முன் அதன் மேலேயே படும்படி, கரும்பில் படாமல் அடியுங்கள்.

கேள்வி: கட்டைக்கரும்பில் சோகை (காய்ந்த கரும்புத் தோகை) பரப்பியிருக்கிறேன், அட்ரசின் வேண்டுமா?
பதில்: தேவையில்லை. மருந்து சோகையிலேயே நின்றுவிடும், மண்ணுக்குப் போகாது. சோகையைக் கிழித்துக்கொண்டு வருவது பெரும்பாலும் கொடிதான், சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: 2,4-டி அடித்த டேங்கைக் கழுவிவிட்டுக் கத்தரிக்குப் பயன்படுத்தலாமா?
பதில்: வேண்டாம். களைக்கொல்லிக்குத் தனி டேங்க், எத்தனை தடவை சொல்வது!