சீனர்களின் சிங்ஹாவ் செடியைக் கஷாயம் வைத்துக் குடித்தால் மலேரியா குணமாகுமா?

தயவுசெய்து அதை நம்பி இருக்காதீர்கள். செடியில் மருந்து இருப்பது உண்மைதான். ஆர்ட்டிமிசினின் என்ற அந்தப் பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது, சூட்டில் கெட்டுவிடவும் கூடும்.

இதைப் பிடித்துக் காட்டியவர் சீன ஆய்வாளர் தூ யூயூ. 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கெ ஹோங், ஒரு கைப்பிடி செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தார். கொதிக்க வைக்கச் சொல்லவில்லையே! அந்த ஒரு வரிதான் தூ யூயூவுக்குப் பொறி தட்டியது. சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தைக் கொண்டு 1971இல் சாரத்தை எடுத்தார். எலிகளுக்கு மலேரியா குணமானது. மனிதர்களுக்குத் தருமுன் அவரும் சக ஆய்வாளர்களும் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 2015இல் தூ யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம்முடைய மரிக்கொழுந்தும் இதே பேரினம்தான், ஆனால் மலேரியாவுக்கு மருந்தல்ல.

அப்புறம், ஆர்ட்டிமிசினின் உடலில் சில மணி நேரமே தங்கும். அதனால்தான் இன்னொரு மருந்தோடு சேர்த்து மாத்திரையாகத் தருகிறார்கள். கஷாயத்தில் அளவு தெரியாது. குறைந்த அளவில் தப்பிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். காய்ச்சல் என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.