செக்போஸ்ட் தாண்டியதும் கழன்றுவிடும் பெல்ட்

கேள்வி: கோவையில் மூன்று கார்கள் வைத்து டிராவல்ஸ் நடத்துகிறேன். போலீஸைப் பார்த்ததும் டிரைவர்கள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டுகிறார்கள், தாண்டியதும் கழற்றிவிடுகிறார்கள். 1,000 ரூபாய் அபராதத்துக்கும் அசரவில்லை. பெல்ட் போட்டால் தைரியம் வந்து வேகமாக ஓட்டுவார்கள் என்கிறார் ஒரு நண்பர். உண்மையா?

பதில்: முதலில் உங்கள் நண்பருக்கு. 1975இல் சாம் பெல்ட்ஸ்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். ஆனால் 2003இல் ஆல்மா கோஹன், லிரான் எய்னாவ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க மாநிலங்களின் தரவுகளை அலசியபோது, பெல்ட் போட்டவர்கள் கண்டபடி ஓட்டுகிறார்கள் என்பதற்குச் சொல்லும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தக் கவலையை விடுங்கள்.

உங்கள் டிரைவர்கள் விஷயத்துக்கு வருவோம். 2019 சட்டத் திருத்தம் 100 ரூபாய் அபராதத்தை 1,000 ஆக்கியது; தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தொகை பத்து மடங்கானாலும், ‘நம்மை யார் பிடிக்கப் போகிறார்கள்’ என்ற கணக்கு மாறவில்லையே! போலீஸிடம் பிடிபடுவோம் என்பது நிச்சயமானால்தான் பழக்கம் மாறும். அமெரிக்காவில் சில மாநிலங்களில், வேறு தவறுக்காக நிறுத்தினால்தான் பெல்ட்டுக்கும் அபராதம் போட முடியும். பெல்ட் போடாததற்காகவே வண்டியை நிறுத்தலாம் என்றிருக்கும் மாநிலங்களில் பெல்ட் அணிவோர் அதிகம். பிரிட்டனில் பல வருடம் விளம்பரம் செய்தும் பெல்ட் அணிவோர் அளவு 40 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. 1983 ஜனவரி 31 முதல் முன்சீட்டுக்குக் கட்டாயமாக்கியதும் 90ஐத் தாண்டியது.

உங்கள் வண்டிக்குள் அந்த நிச்சயத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். சலான் வருவது ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. சத்தமில்லாமல் நீங்களே கட்டிவிட்டால் டிரைவருக்கு என்ன உறைக்கும்? யார் கட்டுவது என்பதை வேலைக்குச் சேரும்போதே பேசிவிடுங்கள். டேஷ்கேம் இருந்தால் உள்பக்கம் பார்க்கும் கேமராவும் வைத்து, வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு ட்ரிப்பைப் பாருங்கள். எந்த ட்ரிப் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அப்புறம் பின்சீட். டிராவல்ஸ் வண்டிகளில் வெள்ளை சீட் கவர் பக்கிளை மூடியே கிடக்கும், பயணி கேட்டால்கூடப் போட முடியாது. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தபோது பின்சீட்டில் பெல்ட் இல்லாமல்தான் இருந்தார். பின்சீட்டுக்கும் சட்டம் உண்டு, அபராதமும் அதே 1,000தான். மோதலில் பின்னால் இருப்பவர் டிரைவர் சீட்டின் முதுகில் வந்து இடிப்பார் என்பதை டிரைவர்களிடம் சொல்லிப் பாருங்கள். தன் முதுகு என்றதும் அவர்களே பயணியிடம் ‘சார், பெல்ட்’ என்பார்கள்.

கடைசியாக, மூன்று வண்டியிலும் பக்கிளுக்குள் கையை விட்டுப் பாருங்கள். பெல்ட் போடாவிட்டால் வரும் பீப் சத்தத்தை நிறுத்தும் கிளிப் செருகியிருக்கலாம். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களிலிருந்து அவற்றை நீக்கச் சொன்னது. ஏற்கெனவே வாங்கியவை வண்டிகளில் இருக்கத்தான் செய்யும். பிடுங்கி எறியுங்கள்.