ஒரு வீடு, நான்கு பெண்மணிகள்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'தி கோல்டன் கேர்ள்ஸ்' என்ற ஒரே தொடரைப் பற்றிக் கேட்கின்றன. 1985 செப்டம்பர் 14 முதல் 1992 மே 9 வரை, என்.பி.சி. தொலைக்காட்சியில் ஏழு பருவங்களாக 180 அத்தியாயங்கள் ஒளிபரப்பான தொடர் அது. மியாமி நகரில், கணவனை இழந்த பிளான்ச்சின் வீட்டில், அவரைப் போலவே கணவனை இழந்த ரோஸும் மணவிலக்குப் பெற்ற டோரதியும் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். டோரதியின் தாயார் சோஃபியா, தாம் தங்கியிருந்த முதியோர் இல்லம் தீப்பிடித்து எரிந்துபோனதால், முதல் அத்தியாயத்திலேயே அங்கு வந்து சேர்ந்துவிடுகிறார். கதை இவ்வளவுதான். இந்த இதழில் நமது பக்கங்களை இந்த நால்வருக்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: தாயாக நடித்தவர் மகளாக நடித்தவரைவிட இளையவர் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா? (மதுரை வாசகர்)

பதில்: தாராளமாக நம்பலாம். டோரதியாக நடித்த பீ ஆர்தர் 1922 மே 13 அன்று பிறந்தவர். அவருடைய தாயாக நடித்த எஸ்டெல் கெட்டி பிறந்தது 1923 ஜூலை 25 அன்று. ஆக, மகளைவிடத் தாய் ஓராண்டும் இரண்டு மாதங்களும் இளையவர். தொடர் தொடங்கியபோது 62 வயதாகியிருந்த கெட்டியை எண்பது வயதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் முன்னால் வெண்மயிர் விக்கும், முகச்சுருக்கங்களைக் கூட்டும் ஒப்பனையும், பெரிய மூக்குக்கண்ணாடியும் தேவைப்பட்டன. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. நால்வரில் வயதில் மூத்தவர், எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடும் ரோஸாக நடித்த பெட்டி வைட்தான்; அவர் 1922 ஜனவரி 17 அன்று பிறந்தவர். பிளான்ச்சாக வந்த ரூ மெக்ளனஹன் 1934 பிப்ரவரி 21 அன்று பிறந்தவர் என்பதால், மற்ற மூவரையும்விடப் பத்து வயதுக்கு மேல் இளையவர்.

ஒப்பனை பாதி வேலையைத்தான் செய்தது. கெட்டி அதற்கு முன்பு நியூயார்க்கின் பிராட்வே மேடையில் 'டார்ச் சாங் டிரிலஜி' நாடகத்தில் தாய் வேடத்தில் நடித்துப் பெயர் பெற்றவர். தாயின் நாக்கு எங்கே சுடும், எங்கே அணைக்கும் என்பதை அங்கேயே பழகியிருந்தார். சோஃபியாவின் கையில் எப்போதும் ஒரு கைப்பை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போதும் அதை அவர் கீழே வைப்பதில்லை. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த ஒருவருக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள மிஞ்சுவது ஒரு பைதான் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறது அது. முதலில் இந்தப் பாத்திரம் எல்லா அத்தியாயங்களிலும் வருவதாகத் திட்டமே இல்லை. மாதிரிப் பார்வையாளர்களுக்குப் பாட்டியை மிகவும் பிடித்துப்போனதால் அவர் வீட்டின் நிரந்தர உறுப்பினரானார்.

கேள்வி: ரோஸ் வேடமும் பிளான்ச் வேடமும் இடம் மாறியதாகப் படித்தேன். ஏன் மாற்றினார்கள்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: இந்தத் தொடரைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். 1970-களில் 'தி மேரி டைலர் மூர் ஷோ'வில் பெட்டி வைட், திரையில் இனிக்க இனிக்கப் பேசிவிட்டுத் திரைக்கு வெளியே ஆண்களை வளைத்துப்போடும் சூ ஆன் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளராக நடித்துப் புகழ் பெற்றிருந்தார். அதே காலத்தில் 'மாட்' தொடரில், பீ ஆர்தரின் அசட்டுத் தோழி விவியனாக வந்தவர் ரூ மெக்ளனஹன். ஆகவே ஆண்களைக் கண்டால் உருகும் பிளான்ச் வேடத்தை வைட்டுக்கும், வெகுளியான ரோஸ் வேடத்தை மெக்ளனஹனுக்கும் கொடுப்பது என்று தயாரிப்பாளர்கள் முடிவு செய்திருந்தார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பார்கள்.

முதல் அத்தியாயத்தை இயக்க வந்த ஜே சாண்ட்ரிச், 'மேரி டைலர் மூர்' தொடரின் பல அத்தியாயங்களை இயக்கியவர். சூ ஆன் பாத்திரத்தை உள்ளும் புறமும் அறிந்தவர். வைட்டை மறுபடியும் அதே குணத்தில் காட்டினால், பார்ப்பவர்களுக்குப் பழைய தொடரின் மிச்சத்தைப் பார்ப்பது போலத்தான் இருக்கும் என்று அவர் கருதி, இருவரையும் இடம் மாற்றிப் படிக்கச் சொன்னார். வசனங்கள் அப்போதே உயிர்பெற்றுவிட்டன. மெக்ளனஹன் அமெரிக்கத் தென்மாநில இழுவையோடு பேசி நடக்கத் தொடங்கியதும் பிளான்ச் பிறந்துவிட்டாள். வைட்டோ, ரோஸை மட்டித்தனமாகக் காட்டாமல், சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் பெண்ணாக நடித்தார். ஒருவர் கிண்டலாகச் சொன்னதை ரோஸ் மெய்யென்று எடுத்துக்கொண்டு மறுமொழி சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் டோரதி ஒரு சொல்லும் பேசாமல் பார்வையாலேயே எரிப்பாள். தொடரின் சிரிப்பில் பெரும்பங்கு அந்த மௌனத்தில் இருக்கிறது.

டோரதியைத் தேர்ந்தெடுத்த கதையும் நேரானதன்று. இந்தப் பாத்திரம் 'பீ ஆர்தர் மாதிரி' இருக்க வேண்டும் என்றே தொடரை உருவாக்கிய எழுத்தாளர் சூசன் ஹாரிஸ் எழுதியிருந்தார். இருந்தும் வேறு நடிகையரைக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். அவர்களுள் ஒருவரான எலைன் ஸ்ட்ரிட்ச், தமக்கு அந்த வேடம் எப்படிக் கைநழுவியது என்பதைப் பிற்காலத்தில் தமது தனிநபர் மேடை நிகழ்ச்சியில் கதையாகவே சொல்லிச் சிரிக்க வைத்தார். பீ ஆர்தருக்கோ முதலில் விருப்பமில்லை. தாமும் மெக்ளனஹனும் வைட்டும் பழைய வேடங்களையே மறுபடியும் போடப்போகிறோம் என்று நினைத்திருந்தார். அந்த இருவரும் இடம் மாறிய செய்தி தெரிந்த பிறகுதான் அவர் மனம் இளகியது.

கேள்வி: வயதான பெண்களை வைத்தே ஒரு தொடர் எடுக்கலாம் என்ற எண்ணம் யாருக்குத் தோன்றியது? (திருச்சி வாசகர்)

பதில்: அது ஒரு கேலிக்கூத்திலிருந்து தோன்றியது. 1984-இல் என்.பி.சி. நிறுவனம் தனது புதிய நிகழ்ச்சிகளை அறிமுகப்படுத்திய விழாவில், செல்மா டயமண்ட், டோரிஸ் ராபர்ட்ஸ் என்ற இரு மூத்த நடிகைகள் மேடையேறினர். அவர்கள் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது 'மியாமி வைஸ்' என்ற துப்பறியும் தொடரை. அதை 'மியாமி நைஸ்' என்று தவறாகப் புரிந்துகொண்டவர்களைப் போல, ஓய்வுபெற்ற முதியோர் மியாமியில் பொழுதுபோக்குவதைப் பற்றி அவர்கள் பேச, அரங்கிலிருந்த நிர்வாகிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் அந்த எண்ணம் அவர்களை விடவில்லை. தயாரிப்பாளர்கள் பால் ஜங்கர் விட், டோனி தாமஸ் ஆகியோர் வழியாக அது சூசன் ஹாரிஸிடம் வந்து சேர்ந்தது. 'சோப்' தொடரை உருவாக்கியவரும், 'மாட்' தொடரில் கருக்கலைப்பைப் பற்றிய புகழ்பெற்ற 1972 அத்தியாயத்தை எழுதியவரும் அவரே. கிழவிகளைப் பார்த்துச் சிரிப்பதற்கென்று தோன்றிய ஒரு கருவை, கிழவிகளோடு சேர்ந்து சிரிக்கும் தொடராக அவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

கேள்வி: முதல் அத்தியாயத்தில் ஒரு சமையல்காரர் வருகிறாரே, அவர் எங்கே போனார்? (சேலம் வாசகர்)

பதில்: அவர் பெயர் கோகோ; நடித்தவர் சார்லஸ் லெவின். தற்பாலின ஈர்ப்புடைய ஒருவரை அந்த வீட்டின் சமையல்காரராகக் காட்டியது 1985-இல் துணிச்சலான செயல்தான். ஆனால் சோஃபியா நிரந்தரமானதும் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. இரண்டாவது அத்தியாயத்தில் அவர் இல்லை, எங்கே போனார் என்று யாரும் கேட்பதும் இல்லை. ஒரு நல்ல பாத்திரத்தை இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பியது முறையன்று என்பேன். இருந்தாலும், சமையலறையில் ஒரு சமையல்காரர் நின்றுகொண்டே இருந்திருந்தால், நள்ளிரவில் அந்தப் பெண்கள் தூக்கம் வராமல் எழுந்து வந்து, சீஸ்கேக்கை நடுவில் வைத்துக்கொண்டு மனம் விட்டுப் பேசும் காட்சிகள் நமக்குக் கிடைத்திருக்காது.

கேள்வி: வீட்டில் இருப்பவர்கள் நால்வர், சமையலறை மேசையைச் சுற்றி இருப்பவை மூன்று நாற்காலிகள். கஞ்சத்தனமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: கேமராவின் வசதிக்காகச் செய்தது. பார்வையாளர்களுக்கு முன்னால் நடத்திப் பதிவு செய்த தொடர் என்பதால், நான்காவது நாற்காலியைப் போட்டால் ஒருவர் கேமராவுக்கும் பார்வையாளர்களுக்கும் முதுகைக் காட்டி உட்கார வேண்டியிருக்கும். நால்வரும் கூடும்போது ஒருவர் நின்றுகொண்டோ தனியாக ஒரு முக்காலியில் அமர்ந்தோ சமாளிப்பார். கூர்ந்து பார்த்தால், படுக்கையறைகளுக்குச் செல்லும் நடை சமையலறைக்குள்ளேயே போய் முட்ட வேண்டும் என்பதும் தெரியவரும். அந்த வீட்டின் வரைபடத்தை எந்தப் பொறியாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கேள்வி: அந்த வீடு மியாமியில் இப்போதும் இருக்கிறதா? (சென்னை வாசகர்)

பதில்: மியாமியில் அது ஒருபோதும் இருந்ததில்லை. கதையில் முகவரி '6151, ரிச்மண்ட் தெரு, மியாமி' என்று வரும். உட்புறக் காட்சிகள் எல்லாம் ஹாலிவுட் அரங்குகளில் எடுக்கப்பட்டவை. தொடக்கத்தில் வெளித்தோற்றமாகக் காட்டப்பட்டது, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பிரென்ட்வுட் பகுதியில் உள்ள ஒரு தனியார் வீடு. பிறகு புளோரிடாவில் டிஸ்னி–எம்.ஜி.எம். ஸ்டுடியோ பூங்கா அமைந்தபோது, அதே வீட்டின் முகப்பை அங்கே நகலெடுத்துக் கட்டினார்கள். சுற்றுலாப் பயணிகள் சிறு வண்டியில் அமர்ந்து அதைக் கடந்து போவார்கள். அந்த முகப்பு 2003-இல் இடிக்கப்பட்டது. பிரென்ட்வுட் வீடு 2020-இல் விற்பனைக்கு வந்தபோது செய்தித்தாள்களில் அடிபட்டது.

கேள்வி: 'நண்பராக இருந்ததற்கு நன்றி' என்ற பொருளில் வரும் தொடக்கப் பாடல், தொடருக்காகவே எழுதப்பட்டதா? (ஈரோடு வாசகர்)

பதில்: இல்லை. ஆண்ட்ரூ கோல்ட் எழுதிப் பாடி 1978-இல் வெளியான பாடல் அது. தொடரில் அதைப் பாடியவர் சிந்தியா ஃபீ. பாட்டில் நாட்டமுள்ள வாசகர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்கும் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பின்னணி பாடிய மார்னி நிக்சன், இந்த ஆண்ட்ரூ கோல்டின் தாயார்.

கேள்வி: வெறும் சிரிப்புத் தொடர்தானே, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஏன் பேசுகிறார்கள்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: சிரிப்பை நிறுத்த வேண்டிய இடம் அதன் எழுத்தாளர்களுக்குத் தெரிந்திருந்தது. 1989-இல் இரண்டு பகுதிகளாக வந்த கதை ஒன்றில், டோரதி பல மாதங்களாக எழுந்து நடக்க முடியாத சோர்வால் அவதிப்படுகிறாள். ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை, வயதாகிவிட்டது என்று சொல்லி மருத்துவர்கள் அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள். கடைசியில் நோய்க்கு நாட்பட்ட சோர்வு நோய் என்ற பெயர் கிடைக்கிறது. அதைக் கொண்டாட உணவகத்துக்குப் போன இடத்தில், தன்னை அலட்சியமாக நடத்திய மருத்துவரைத் தற்செயலாகக் கண்ட டோரதி, அவர் மேசைக்கே போய் நின்று, ஒரு நோயாளியின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்காததன் கொடுமையை நிதானமாக எடுத்துரைக்கிறாள். சூசன் ஹாரிஸ் தாமே அவ்வாறு அலைக்கழிக்கப்பட்டவர். அந்த அனுபவத்திலிருந்து எழுதிய கதை அது. நகைச்சுவைத் தொடரில் சிரிப்பொலி இல்லாமல் ஒரு பெண் அவ்வளவு நேரம் கோபப்பட்டுப் பேசுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

1990 பிப்ரவரியில் வந்த இன்னோர் அத்தியாயத்தில், முன்பு ஏற்றிக்கொண்ட இரத்தத்தின் வழியாக எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற தகவல் ரோஸுக்கு வருகிறது. சோதனையின் முடிவு தெரிய 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 'நான் நல்லவளாயிற்றே, எனக்கு ஏன்?' என்ற அவளுடைய புலம்பலுக்கு, அது கெட்டவர்களுக்கு வரும் நோயோ கடவுள் கொடுக்கும் தண்டனையோ அன்று என்று பிளான்ச் பதில் சொல்கிறாள். அந்த நோயின் பெயரைச் சொல்லவே பலர் கூசிய காலத்தில், குடும்பத்தோடு பார்க்கும் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியில் இது ஒலித்தது.

கேள்வி: பிற்காலத்தில் பெரிய ஆளானவர்கள் யாராவது இதில் தலைகாட்டியிருக்கிறார்களா? (வேலூர் வாசகர்)

பதில்: 1987-இல் ஒரு இளம் காவலராக ஜார்ஜ் குளூனி வந்தார். 1988-இல் சோஃபியாவின் திருமணக் காட்சியில், எல்விஸ் பிரெஸ்லி வேடமிட்ட கூட்டத்துக்கு நடுவே குவென்டின் டரான்டினோ நிற்பதைக் காணலாம். மறுஒளிபரப்புகளுக்காக வந்துகொண்டிருந்த பணம், முதல் படத்துக்கு அலைந்த நாள்களில் கைகொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். எழுத்தாளர் குழுவில் இருந்த மார்க் செர்ரி பின்னர் 'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' தொடரையும், மிச்சல் ஹர்விட்ஸ் 'அரெஸ்டட் டெவலப்மென்ட்' தொடரையும் உருவாக்கினார்கள்.

கேள்வி: நால்வருக்கும் விருது கிடைத்ததா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: நால்வருக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. பெட்டி வைட் 1986-இலும், மெக்ளனஹன் 1987-இலும், ஆர்தரும் கெட்டியும் 1988-இலும் பெற்றனர். சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான விருது 1986, 1987 என இருமுறை வந்தது.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொடரை ஏன் நிறுத்தினார்கள்? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: பீ ஆர்தர் போதும் என்று முடிவு செய்துவிட்டார், கதைகள் தளர்வதற்குள் விலகிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆகவே கடைசி அத்தியாயத்தில், பிளான்ச்சின் மாமாவாக வந்த லெஸ்லி நீல்சனுக்கு டோரதியை மணம் முடித்து அனுப்பினார்கள். மற்ற மூவரும் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'தி கோல்டன் பேலஸ்' என்ற தொடரில் ஒரு சிறிய ஹோட்டலை நடத்தினார்கள். வேலையாள்களை மேய்க்கும் முதலாளிகளாக அவர்களைப் பார்க்க மக்களுக்கு ஏனோ பிடிக்கவில்லை. 24 அத்தியாயங்களோடு 1993-இல் அது முடிந்துபோயிற்று. வேலை வெட்டியைப் பற்றிப் பேசாமல் சமையலறையில் உட்கார்ந்து பேசுவதற்குத்தான் அவர்கள் நமக்கு வேண்டியிருந்தார்கள் போலும்.

முதல் தொடரின் முடிவை மட்டும் தேடிப் பாருங்கள். டோரதி தோழியரிடம் விடைபெற்று வெளியேறுகிறாள், மூவரும் கண்கலங்கி நிற்கும்போது மறுபடியும் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள், போகிறாள், இன்னொரு கதவு வழியாக மறுபடியும் வருகிறாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அவள் வந்துவிடுவாள் என்பதைப் போல மூவரும் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.